இரும்பும் களைக்கும்
வண்டியின் வில்லைத் தாங்கும் போல்ட்டின் வரலாறு

அரியலூரிலிருந்து செந்துறைக்கோ செயங்கொண்டத்துக்கோ செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த கல் அது. இன்று சிமெண்டு ஆலைகளின் உணவு. 1979இல் தமிழ்நாடு அரசின் சிமெண்டு ஆலை அரியலூரில் தொடங்கப்பட்டது. பின்னர் தனியார் ஆலைகளும் பெருகின. லாரிகளும் பெருகின.

அடுத்த முறை அப்படி ஒரு லாரி நின்றுகொண்டிருந்தால், அதன் பின் சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். நீண்டு வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே நீளமானது, கீழே போகப் போகக் குட்டையானது. இதுவே பட்டைவில். அடுக்கின் நடுவே ஊடுருவிச் செல்லும் ஒரு போல்ட் பட்டைகள் நழுவாமல் காக்கிறது. அதன் இருபுறமும் 'யு' வடிவப் போல்ட்டுகள் வில்லை இருசோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன. பத்து டன் பாரமும் சாலையின் ஒவ்வொரு குழியும் கடைசியில் வந்து சேருவது இந்தச் சில போல்ட்டுகளிடம்தான்.

இனி வேறொரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தரையை உரசுவதுபோல் தாழ்ந்து, பந்தயப் பாதையில் சீறிப் பாயும் கார். லாரிக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இதன் வில்லையும் போல்ட்டுகள்தான் தாங்குகின்றன. லாரியின் போல்ட்டை முறிக்கும் அதே நோய்தான் பந்தயக் காரின் போல்ட்டையும் முறிக்கிறது. அந்த நோயை மனிதன் கண்டுபிடித்த கதையும், அதற்கு மருந்து தேடிய கதையுமே இக்கட்டுரை.

காரை ஏன் தாழ்த்துகிறார்கள்?

வளைவில் திரும்பும் வண்டியின் பாரம் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறுகிறது. பேருந்து வேகமாகத் திரும்பும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்வீர்கள் அல்லவா? அதுபோலத்தான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். காரின் எடை 800 கிலோ. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 125 சென்டிமீட்டர் தூரம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம். வளைவில் பக்கவாட்டு விசை எடையில் பத்தில் எட்டுப் பங்கு என்று கொள்வோம். அப்போது வெளிச்சக்கரங்களுக்கு மாறும் பாரம் 256 கிலோ. காரை 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அது 230 கிலோவாகக் குறைகிறது. இந்த 26 கிலோ வேறுபாடு, நான்கு டயர்களும் பாதையைப் பற்றிக்கொள்ளும் திறத்தைக் கூட்டுகிறது. பந்தயத்தில் வெற்றி தோல்வியை ஒரு நொடியின் சிறு பகுதி முடிவு செய்கிறது. ஆகவே இந்த வேறுபாட்டை எவரும் விடுவதில்லை.

ஆனால் காரைத் தாழ்த்த வேண்டுமானால் வில்லின் நிலையை மாற்ற வேண்டும். வில்லின் நிலையை மாற்ற, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை மாற்ற வேண்டும். அல்லது கட்டையொன்றை இடையில் வைத்து, அதற்கேற்ப நீளமான போல்ட் போட வேண்டும்.

சென்னையில் பிறந்த பட்டைவில் கார்

இதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டே உண்டு. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஹெரால்டு' என்ற காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி.

அக்காலத்து அம்பாசிடரில் லாரியைப்போலவே பின்புறம் பக்கத்துக்கு ஒரு பட்டைவில் இருந்தது. ஹெரால்டில் பின்புறத்துக்கு ஒரே வில். அது காருக்குக் குறுக்காக, பின்பல்லிணைப் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருந்தது. அதன் இரு முனைகளும் இரு சக்கரங்களைத் தனித்தனியே தாங்கின. இருசு நடுவில் மடங்கி ஆடக்கூடியது. இடச்சக்கரம் குழியில் இறங்கினால் வலச்சக்கரம் அசையாது. பயணம் சுகமாக இருந்தது.

ஆனால் இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. வேகமாக வளையும்போது காரின் பின்பகுதி மேலே எழும்; வெளிச்சக்கரத்தின் அடிப்பகுதி காருக்கு உட்புறமாக மடங்கப் பார்க்கும். டயர் பிடியை இழக்கும். இவ்வகைக் கார்களைப் பந்தயத்துக்குத் தயாரிப்பவர்கள் வில்லுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கட்டை வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கி, காரைத் தாழ்த்தினார்கள். சக்கரங்களின் மேற்பகுதி சற்று உட்புறம் சாய்ந்து நின்றது, பிடி மிகுந்தது. டிரையம்ப் நிறுவனமே 1970இல் தன் ஸ்பிட்ஃபயர் காரில் வில்லின் அமைப்பை மாற்றி இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. நம் நாட்டுப் பட்டறைகளுக்கும் ஆடும் இருசு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஹெரால்டை அடுத்து சென்னையில் வந்த 'கெஸல்' காரில் பழையபடி ஒரே கட்டாயமைந்த இருசையே வைத்தார்கள்.

அக்காலத்தில் பந்தயங்கள் நடந்த இடம் சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது போடப்பட்ட விமான ஓடுதளம் அது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் அங்கே பந்தயங்களை நடத்தியது. சாலையில் ஓடும் கார்களையே திருத்தி அமைத்து ஓட்டினார்கள். 1990இல் அச்சங்கம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையைத் திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட பாதை. இருபது சுற்று ஓடினால் 240 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் போல்ட்டின்மேல் பாரம் ஏறி இறங்குகிறது. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு போல்ட்டில் தொங்கும் கார்

பட்டைவில்லைப் பழங்காலப் பொருள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் புகழ்பெற்ற விளையாட்டுக் காரான கார்வெட், 1963 முதல் 2019 வரை குறுக்குப் பட்டைவில்லை விடவில்லை. 1981இல் எஃகுப் பட்டைகளை நீக்கிவிட்டுக் கண்ணாடி இழையால் ஆன ஒற்றைப் பட்டையைப் பின்புறம் பொருத்தினார்கள். ஏறத்தாழ 19 கிலோ எடையுள்ள வில்லின் இடத்தை 4 கிலோவுக்கும் குறைந்த வில் பிடித்துக்கொண்டது! 1984இல் முன்புறமும் அவ்வாறே ஆயிற்று. 2020இல்தான் சுருள்வில்லுக்கு மாறினார்கள்.

இக்காரின் பின்புறத்தில் வில்லின் முனையை ஒரு நீண்ட போல்ட் சக்கரத் தாங்கியிலிருந்து தொங்கவிட்டுப் பிடித்திருக்கும். ரப்பர் மெத்தைகள் இடையில் இருக்கும். போல்ட் நீளமானால் வில்லின் முனை கீழே இறங்கும்; காரும் தாழும். நீளமான இரண்டு போல்ட்டுகளை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. எவ்வளவு எளிது பாருங்கள்! ஆனால் காரின் பின்பாரம் முழுவதும் அந்த இரண்டு போல்ட்டுகளில் தொங்குகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது தாங்கி வட்டவில்லாக அசைகிறது. போல்ட் இழுபடுவதோடு வளையவும் நேரிடுகிறது. ரப்பர் புதிதாக இருக்கும்வரை அந்த வளைவை அது வாங்கிக்கொள்ளும். ரப்பர் இறுகி வெடித்தபின் வளைவு முழுவதும் போல்ட்டுக்கே போகிறது.

இப்போது கேள்வி இதுதான். பல மடங்கு பாரத்தைத் தாங்கவல்ல எஃகுப் போல்ட், தன் வலிமைக்கு உட்பட்ட பாரத்திலேயே ஒருநாள் ஏன் முறிகிறது?

வெர்சாயில் கற்ற பாடம்

ரயில் விபத்து என்றால் அரியலூர் மக்களுக்கு 1956 நவம்பர் 23 நினைவுக்கு வரும். மருதையாற்று வெள்ளம் பாலத்தை அழித்ததால் நேர்ந்த துயரம் அது. அதன்பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நாம் பேசப்போகும் விபத்து வேறு வகை. வெள்ளமும் இல்லை, புயலும் இல்லை.

1842 மே 8. பிரான்சில் வெர்சாயில் நடந்த விழாவைக் கண்டுவிட்டு மக்கள் பாரிசுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன் எஞ்சினின் இருசு திடீரென முறிந்தது. பெட்டிகள் மோதித் தீப்பிடித்தன. கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலகைச் சுற்றிவந்த கடலோடி துமோன் துர்வீல் குடும்பத்தோடு மடிந்தார்.

நல்ல இரும்பு ஏன் முறிந்தது? ஓட்டத்தின் அதிர்ச்சியால் இரும்பு உள்ளே படிகமாக மாறி நொறுங்கும் தன்மை அடைகிறது என்று அன்று பலர் நம்பினர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராங்கின் என்ற இளைஞர், முறிந்த இருசுகளை ஆராய்ந்து 1843இல் வேறொன்று சொன்னார். இருசின் பருமன் சட்டென்று மாறும் கூர்மூலையில் ஒரு நுண்ணிய வெடிப்பு தோன்றுகிறது. அது சிறிது சிறிதாக உட்புறம் வளர்கிறது. மிஞ்சிய பகுதி பாரம் தாங்காதபோது முறிகிறது. ஆகவே மூலைகளை வளைவாக இழைத்துச் செய்யுங்கள் என்றார்.

அடுத்து வந்தவர் ஜெர்மானியரான ஆகஸ்ட் வோலர். பிரஷ்ய ரயில்வேயின் பொறியாளர். இரும்புத் தண்டுகளைச் சுழற்றிக்கொண்டே வளைக்கும் எந்திரத்தைச் செய்து, ஆண்டுக்கணக்கில் சோதித்தார். 1858 முதல் 1870 வரை அவர் வெளியிட்ட முடிவுகள் பொறியியலையே மாற்றின. ஒரே முறை ஏற்றினால் முறியாத பாரம், லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் முறித்துவிடும். எவ்வளவு பாரம் என்பதைவிட, பாரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே முக்கியம். இரும்பைப் பொறுத்தவரை ஓர் எல்லைக்குக் கீழே ஏறி இறங்கினால் அது நெடுங்காலம் தாங்கும்.

இந்த நோய்க்கு 'உலோகச் சோர்வு' என்று பெயர். மனிதனின் சோர்வு உறங்கினால் தீரும். இரும்பின் சோர்வு தீராது. ஓய்வு கொடுத்தாலும் வெடிப்பு ஆறுவதில்லை. விட்ட இடத்திலிருந்து மீண்டும் வளர்கிறது. 1903இல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் நுண்ணோக்கியால் இந்த வெடிப்பின் பிறப்பையே கண்டனர். பாரம் ஏறி இறங்க இறங்க, இரும்பின் படிகங்களுக்குள் நுண்ணிய வழுக்கல் கோடுகள் தோன்றி, அவை பருத்து, வெடிப்பாக மாறின. படிகம் புதிதாகத் தோன்றவில்லை. அது முதலிலிருந்தே இரும்பில் இருக்கிறது!

போல்ட் ஏன் எளிதில் நோய்ப்படுகிறது?

கூர்மூலையே வெடிப்பின் பிறப்பிடம் என்றோம். போல்ட்டின் மரை என்பது என்ன? சுற்றிச் சுற்றி வெட்டிய கூரிய பள்ளம்தானே! போல்ட் முழுவதும் கூர்மூலைகள். அதிலும் நட்டுக்குள் நுழையும் முதல் மரையே மொத்தப் பாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. சோர்வினால் முறியும் போல்ட்டுகள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே முறிகின்றன. மரைக்குள் நட்டு மூடியிருப்பதால் வெடிப்பைக் கண்ணால் காணவும் முடியாது.

போல்ட்டின் வரலாறும் சுவையானது. ஒருகாலத்தில் ஒவ்வொரு நட்டும் தன் போல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும், மாறினால் ஏறாது. 1800ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் மாட்ஸ்லே மரை வெட்டும் கடைசல் எந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த விட்வொர்த், நாட்டின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, சராசரி கண்டு, 1841இல் ஒரே அளவு முறையை வகுத்தார். நம் பட்டறைகளில் இன்றும் முதியவர்கள் அரை அங்குலப் போல்ட்டை 'நாலு நூல்' என்பார்கள். ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மெட்ரிக் அளவு வந்தபின் போல்ட்டின் தலையில் எண்களும் வந்தன. 8.8 என்றிருந்தால், முதல் எட்டு அதன் இழுவலிமையைக் குறிக்கிறது: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அடுத்த எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை இழுத்தாலும் போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பதைக் குறிக்கிறது. சென்னை பாடியில் 1966இல் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ் ஆலை போன்றவை இத்தகைய வலிய போல்ட்டுகளை நம் நாட்டிலேயே செய்தன. நல்ல ஆலைகளில் மரையை வெட்டுவதில்லை. உருளைகளுக்கிடையே அழுத்தி உருவாக்குகிறார்கள். அழுத்திய மரையின் அடிப்பகுதி இறுகியிருப்பதால் வெடிப்பு எளிதில் தோன்றாது. கடைசலில் வெட்டிய மரைக்கு அந்த வலிமை இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்!

இறுக்கமே காவல்

வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டியைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தால் வண்டி குலுங்கினாலும் கயிறு அசையாது. தளர்வாகக் கட்டினால் ஒவ்வொரு குலுக்கலிலும் கயிறு விம்மித் தளர்ந்து, உராய்ந்து, அறுந்துவிடும். போல்ட்டும் அப்படியே. சரியான அளவுக்கு இறுக்கிய போல்ட், முன்னரே இழுபட்ட நிலையில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பாரத்தின் ஏற்ற இறக்கத்தில் சிறு பகுதியே அதற்குப் போகிறது; மிச்சத்தை அது இறுக்கிப் பிடித்துள்ள உறுப்புகள் ஏற்கின்றன. தளர்ந்த போல்ட்டுக்கு முழு ஏற்ற இறக்கமும் போகிறது.

தளர்வு எப்படி வருகிறது? 1969இல் ஜெர்மானியரான யுங்கர் இதை எந்திரம் வைத்துக் காட்டினார். நெடுக்காக வரும் அதிர்வைவிடக் குறுக்காக வரும் ஆட்டமே நட்டைத் தானாகக் கழற்றுகிறது. வில்லைத் தாங்கும் போல்ட்டுக்கு வருவதும் பெரும்பாலும் அந்தக் குறுக்காட்டமே.

லாரியில் 'யு' போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும்? வில்லையும் இருசையும் பிடிக்கும் வேலை நடுப்போல்ட்டின் தலையில் விழும். அது அதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒருநாள் முறியும். இருசு ஒரு பக்கம் நகரும். சாலையில் சில லாரிகள் நண்டுபோல் கோணலாக ஓடுவதைப் பின்னாலிருந்து பார்த்திருப்பீர்கள். அதற்கு இது ஒரு காரணம். அத்தகைய லாரியை ஒட்டிச் செல்லாதீர்கள், முந்தவும் முயலாதீர்கள்.

பாரம் மிகுந்தால் கேடு அதே விகிதத்தில் வளர்வதில்லை. மரையுள்ள போல்ட்டின் ஏற்ற இறக்கம் இருமடங்கானால் அதன் ஆயுள் பாதியாவதில்லை. ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அளவுக்கு மேல் கல் ஏற்றும் லாரிக்கும், சாலைக்கு என்று செய்த போல்ட்டோடு பந்தயம் ஓடும் காருக்கும் இக்கணக்கு பொது.

முறிந்த முகம் சொல்லும் கதை

வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் அருகிலோ கல்லாகிப்போன கிளிஞ்சல்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றின்மேல் வளைவு வளைவாகக் கோடுகள் இருக்கும். உயிர் சிறிது சிறிதாக வளர்ந்ததற்கு அவை சான்று. சோர்வினால் முறிந்த போல்ட்டின் முகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து அதேபோன்ற வளைகோடுகள் விரிந்திருப்பதைப் பல நேரங்களில் காணலாம். வெடிப்பு நாள்தோறும் வளர்ந்ததற்கு இவை சான்று. அப்பகுதி வழுவழுப்பாக இருக்கும். எஞ்சிய பகுதி சொரசொரப்பாக இருக்கும். அது கடைசி நொடியில் முறிந்தது. வழுவழுப்பான பகுதி பெரிதாக இருந்தால் போல்ட் நெடுநாள் நோய்ப்பட்டிருந்தது என்று பொருள். அத்தனை நாளும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது!

எப்போது, எப்படி மாற்றுவது?

கண்ணுக்குத் தெரியும் குறிகள் சில உண்டு. ரப்பர் வெடித்திருத்தல், போல்ட்டின் உடலில் பள்ளம் தேய்ந்திருத்தல், துளை முட்டை வடிவாகியிருத்தல், மூட்டருகே செந்நிறத் துருப்பொடி படிந்திருத்தல், நட்டு ஓரிடத்தில் மட்டும் இறுகலாக ஏறுதல். கடைசிக் குறி போல்ட் நீண்டுவிட்டது என்பதைக் காட்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மாற்றிவிட வேண்டும். ஒன்றும் தென்படாவிட்டாலும் கணக்குப்படி மாற்ற வேண்டும் என்பதே வோலர் கற்றுத்தந்த பாடம். ஆகவேதான் விமானங்களிலும் பந்தயக் கார்களிலும் முக்கியமான உறுப்புகளுக்கு ஆயுள் குறித்து, ஓடிய நேரத்தைப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள்.

மாற்றும்போது மனத்தில் கொள்ள வேண்டியவை இவை. வில்லில் பெரும் ஆற்றல் அடைபட்டிருக்கிறது. வண்டியை உறுதியான தாங்கிகள்மேல் நிறுத்தி, வில்லின் முனையை ஜாக்கியால் தாங்கியபின்பே நட்டைக் கழற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் போகக்கூடாது. ஒரு பக்கத்துப் போல்ட் தேய்ந்திருந்தால் மறுபக்கத்துப் போல்ட்டையும் ரப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே சாலையில் ஓடியவை. தலையில் எண் இல்லாத போல்ட்டை அங்கே போடலாகாது. முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பின்னர் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, வில் தன் நிலையில் அமர்ந்தபின் இருபக்க உயரத்தையும் அளந்து, சக்கரக் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். சில நாள் ஓடியபின் மறுபடி இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். லாரியின் 'யு' போல்ட்டுக்கும் இதே விதிதான். ஒருமுறை இறுக்கி இழுபட்ட 'யு' போல்ட்டைக் கழற்றிய பின் மீண்டும் பயன்படுத்துவது நல்லதன்று.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய போல்ட்டை 'எதற்காவது உதவும்' என்று டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. பளபளப்பாகத் துடைத்தால் அது புதியதுபோலவே தெரியும். அவசரமான ஓர் இரவில் எவரோ ஒருவர் அதை எடுத்து வேறொரு வண்டியில் மாட்டிவிடுவார். அதன் மரைக்குள் எத்தனை நாள் வளர்ந்த வெடிப்பு இருக்கிறதோ, யார் அறிவார்? ஆகவே கழற்றிய போல்ட்டின் மரையைச் சுத்தியலால் நசுக்கிவிட்டுப் பழைய இரும்புக் கூடையில் போடுங்கள். உருக்கி வார்த்தால்தான் அந்த இரும்பின் களைப்புத் தீரும்.